லேசர் சீப்பும் மீத்தேனும்

லேசர் என்றால் ஒரே நிறம் என்றுதான் படித்திருப்போம். ஆனால் ஃபெம்டோவிநாடித் துடிப்புகளை (மிக மிகக் குறுகிய ஒளித் துடிப்புகளை) சீராக விடும் லேசரின் நிறமாலையில் சம இடைவெளியில் லட்சக்கணக்கான மெல்லிய கோடுகள் நிற்கும். இதுதான் அதிர்வெண் சீப்பு; அந்தக் கோடுகள்தான் அதன் பற்கள். இயற்பியலாளர்கள் ஜான் ஹாலுக்கும் தியோடர் ஹென்ஷுக்கும் 2005 இல் நோபல் கிடைத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

எனக்குப் பிடித்தது அப்புறம் வந்த பயன்பாடு. சீப்பை ஒரு வாயு வழியே அனுப்பினால், மூலக்கூறு தனக்குரிய பற்களை மட்டும் விழுங்கிவிடும். மீத்தேன் என்றால் 3.3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தின் பக்கம் பலமாக விழுங்கும்.

சரி, எந்தப் பல் மங்கியது என்று எப்படிப் பார்ப்பது? அந்த ஒளி விநாடிக்குச் சுமார் 90 லட்சம் கோடி தடவை அதிர்கிறது. எந்த மின்னணுக் கருவியும் அதை நேரடியாக எண்ண முடியாது. அதனால் இரண்டாவது சீப்பு ஒன்றைக் கொண்டு வருகிறார்கள். ஒன்றில் பல் இடைவெளி 100 மெகாஹெர்ட்ஸ், மற்றதில் அதைவிட வெறும் 100 ஹெர்ட்ஸ் கூட என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் அடுத்தடுத்த பல் ஜோடிகள், அவற்றின் அதிர்வெண் வித்தியாசத்துக்கு ஏற்ப, 100, 200, 300 ஹெர்ட்ஸ் என்று தனித்தனியே விம்மும் (கூடிக் குறையும்). ஒளியில் இருந்த தகவல் அப்படியே ரேடியோ அலைவரிசைக்கு இறங்கிவிடுகிறது. வழக்கமான அகச்சிவப்பு நிறமாலைமானியில் இருக்கும் நகரும் கண்ணாடியே இதற்குத் தேவையில்லை! இரண்டு சீப்பும் ஒன்றைவிட்டு ஒன்று பிசகாமல் பார்த்துக்கொள்வதுதான் நிஜமான தலைவலி.

அமெரிக்காவின் கொலராடோவில் இதைத் திறந்தவெளியில் 2 கிலோமீட்டர் காற்றுக்குள் அனுப்பி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நீராவி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அளந்திருக்கிறார்கள்.