பெரிய அப்புச்சியின் லாக் புக்

ஜூன் 9, 2024, வேலந்தாவளம்

பெரிய அப்புச்சி, அதாவது என் அம்மாவின் அப்பாவுக்கு அண்ணன், இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். வீட்டில் எல்லாரும் சொல்வோம், ஆனால் எந்த விமானம், எங்கே ஓட்டினார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. இன்று அவர் மகளிடம் கேட்டேன். “எல்லாம் அந்தப் பொட்டியிலதான் கெடக்கு, எடுத்துப் பாரு கண்ணு” என்றார் பெரியம்மா.

டிரங்குப் பெட்டியில் கடிதங்களும் ஒரு போட்டோவும் இருந்தன. கடிதத் தலைப்பில் ‘எண் 8 ஸ்குவாட்ரன்’ என்று இருக்கிறது. எங்கிருந்து எழுதினார் என்பது ஒன்றில்கூட இல்லை. போர்க்காலத் தணிக்கை அப்படி. போட்டோவின் பின்னால் மட்டும் பென்சிலில் ‘சிட்டகாங், ஜனவரி 1944’.

இவ்வளவு போதும். ஸ்குவாட்ரன் என்றால் விமானப்படையின் ஒரு பிரிவு. இந்திய விமானப்படையின் எட்டாம் ஸ்குவாட்ரன் 1942 டிசம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்டது. ஓராண்டு கழித்து பர்மாவின் அரக்கான் போர்முனைக்குப் போனது. ஓட்டியது வெஞ்சென்ஸ் என்ற அமெரிக்க விமானம்: இரண்டு பேர் ஏறுவது, மேலிருந்து கிட்டத்தட்ட செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடுவது.

விமானி தன் ஒவ்வொரு பறப்பையும் எழுதி வைக்கும் லாக் புக் மட்டும் பெட்டியில் இல்லை.

ஜூன் 20, எர்ணாகுளம்

இந்தக் கேரள-தமிழக எல்லைப் பக்கத்து ஆட்களின் பழைய காகிதத்தைத் தேடுகிறவர்கள் முதலில் பழைய எல்லையைப் பார்க்க வேண்டும். அன்று வேலந்தாவளம் இருக்கும் சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானம். பாலக்காடு டவுன் சென்னை மாகாணத்தின் மலபார். செக்போஸ்டைத் தாண்டினால் கோயமுத்தூர் ஜில்லா. அதனால் மலபார் கோப்புகள் கோழிக்கோட்டு ஆவணக் காப்பகத்திலும், கொச்சிக் கோப்புகள் எர்ணாகுளத்திலும் இருக்கின்றன.

போர்க்காலக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். அவர் பெயர் இல்லை. விமானப்படை தில்லியின் கையில் இருந்தது. கொச்சி திவானுக்கு அதில் என்ன வேலை?

ஜூலை 6

லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏ.ஐ.ஆர். 27 தொகுப்பில்தான் ஸ்குவாட்ரன்களின் தினசரி ஏடுகள் இருக்கின்றன. படிவம் 540இல் அன்றைய நாளின் கதை. படிவம் 541இல் ஒவ்வொரு பறப்பும் ஒரு வரி: விமான எண், யார் யார் போனார்கள், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், என்ன நடந்தது.

பெயரை வைத்துத் தேடியபோது சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியலும் பெயரும்தான். தட்டச்சு செய்த ஆள் ஒரு பக்கத்தில் அப்பா பெயரையும், இன்னொரு பக்கத்தில் கவுண்டர் என்பதையும் குடும்பப் பெயராக்கிவிட்டார். இரண்டும் ஒரே ஆளா? இதைத் தீர்க்க லாக் புக் வேண்டும்.

ஜூலை 14, பொள்ளாச்சி

கிடைத்துவிட்டது! மாமா வீட்டுப் பரணில், பழைய பத்திரங்களோடு கட்டி வைத்திருந்தார்கள். பிரிட்டனில் உரிமை கோரப்படாத லாக் புக்குகளில் மாதிரிக்குச் சிலவற்றை மட்டும் அதே காப்பகத்தின் ஏ.ஐ.ஆர். 4 தொகுப்பில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அழித்துவிட்டார்கள். ஆகவே விமானியின் கையோடு வந்த பிரதி வீட்டில் இருந்தால் அதுதான் சொத்து.

கனத்த அட்டை. உள்ளே தேதி, விமான வகை, எண், கூட வந்தவர், பணி, நேரம் என்று கட்டங்கள். ஒவ்வொரு மாத முடிவிலும் மணிக்கணக்கைக் கூட்டி மேலதிகாரி கையெழுத்திட்டிருக்கிறார். ஓரிடத்தில் ஒரு மதிப்பீட்டுச் சீட்டை ஒட்டி, ‘சராசரிக்கு மேல்’ என்று எழுதியிருக்கிறார்கள். பசை பழுப்பேறி அடுத்த பக்கத்தில் கறை இறங்கியிருக்கிறது. அவர் கையெழுத்து அவ்வளவு சின்னது, நேர் வரி, அடித்தல் திருத்தல் இல்லை.

541ஐப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தேன். விமான எண் சரி. தேதி சரி. நேரத்தில் ஐந்து நிமிட வித்தியாசம். அந்த இரண்டு பெயரும் இவர்தான்.

அப்புறம் பெரியம்மாவிடம் வாங்கி வந்த கடிதங்களை எடுத்தேன். ஒரு குண்டுவீச்சுக்கு மறுநாள் தேதியிட்ட கடிதம் இருக்கிறது. படிவம் ‘இலக்கில் விழுந்தன’ என்கிறது. லாக் புக்கில் அதற்கும் குறைவு. கடிதத்தில் விமானம் பற்றி ஒரு சொல் இல்லை. கடலை பிடுங்கியாயிற்றா, சிவப்பு மாடு கன்று போட்டதா, அம்மாவுக்குக் கண் எப்படி இருக்கிறது என்று இரண்டு பக்கம் கேட்டிருக்கிறார். அவர் எப்படிப்பட்ட மனுஷன் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது.

ஜூலை 16

எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து முடித்தேன். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்ட வேண்டாம், லேமினேஷன் கூடவே கூடாது என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். அசல் அவரிடமே இருக்கட்டும். கடிதங்கள் பெரியம்மாவிடம் திரும்பப் போகும், கூடவே லாக் புக்கின் நகலும்.

அந்தப் பறப்புகளில் பெரும்பாலும் ஒரே ஆள்தான் பின்னிருக்கையில் இருந்திருக்கிறார், வழி பார்ப்பதும் துப்பாக்கி பிடிப்பதும் அவர்தான். அவர் வீட்டிலும் ஒரு லாக் புக் இருக்க வேண்டும். அந்தக் குடும்பத்தைத் தேடத் தொடங்குகிறேன்.