கழித்தல் கணக்கு

“அதை அப்புறம் பார்த்துக்கலாம்மா” என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. கூரையில் விழும் மழைநீரை டிரம்மில் பிடிக்க நான் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு முடியப் பத்து நிமிடம்தான் இருந்தது. மழைநீர்க் குழாயை எங்கே அறுப்பது, எல்போ என்ற வளைவுக் குழாயை எப்படி மாட்டுவது என்று செய்து காட்டும் வேலை பாக்கி இருந்தது. அந்த நேரத்தில்தான் பின்வரிசையிலிருந்து அந்த அம்மா கேட்டார்: “டிரம் நிரம்பினதுக்கு அப்புறம் வர்ற தண்ணி எங்க தம்பி போகும்?”

அப்போது போர்டில் என் கையெழுத்தில் இருந்த கணக்கு இது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 60 சதுர மீட்டர் கூரையில் 40 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,400 லிட்டர். கூரை உறிஞ்சுவது, தெறித்து வெளியே போவது என்று ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளினாலும் 1,920 லிட்டர் கைக்கு வரும். இந்த எண்ணை எழுதும்போது எல்லா வகுப்பிலும் ஒரு சலசலப்பு எழும். தன் வீட்டுக் கூரையிலிருந்து இவ்வளவு தண்ணீர் போய்க்கொண்டிருந்ததா என்று ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். நான் இந்த வேலையில் இருப்பதற்கு அந்தச் சலசலப்பும் ஒரு காரணம்.

அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே 200 லிட்டர் டிரம்மின் படத்தையும் வரைந்திருந்தேன். அந்த அம்மா ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்த்திருக்கிறார். 1,720 லிட்டர் மிச்சம். டிரம் நிரம்புவதற்கு நாலு மில்லிமீட்டர் சொச்சம் மழை போதும். அதற்குப் பிறகு பெய்வதெல்லாம் வழிந்துதான் போகும். இத்தனை வருடம் அந்தப் போர்டுக்கு முன்னால் நின்ற எனக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

என் பக்கத்து நியாயமும் இருக்கிறது. முதல் வகுப்பிலேயே எல்லாவற்றையும் கொட்டினால் ஆட்கள் மிரண்டு போவார்கள். சொல்லாமல் விட முடியாதவையே நிறைய. மூடியும் வலையும் இல்லாத டிரம்மில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் ஒரு வாரம், பத்து நாளில் கொசு பறக்கத் தொடங்கிவிடும். மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் சின்னக் குழந்தைகளுக்கு ஆபத்து. நிரம்பிய டிரம் 200 கிலோவுக்கு மேல் கனக்கும், அதனால் அடியில் வைக்கும் மேடை ஆடக் கூடாது. வெயில் படுகிற டிரம் வெளிச்சம் புகாததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பாசி பிடிக்கும். காய்ந்த கூரையில் விழும் முதல் மழையைப் பிடிக்காமல் விட்டுவிட வேண்டும். பறவை எச்சம், தூசி எல்லாம் அதில்தான் வரும். இவ்வளவையும் ஒன்றரை மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். எதையாவது தள்ளிப்போடாமல் முடியாது. நான் வழியும் தண்ணீரைத் தள்ளிப்போட்டேன். முதலில் டிரம்மை வைக்கட்டும், பெண்கள் ஆண்கள் எல்லோருக்கும் கைப்பழக்கம் வரட்டும், மீதியை அடுத்த வகுப்பில் சொல்லலாம் என்பதுதான் என் எண்ணம்.

அடுத்த வகுப்புக்கு அந்த அம்மா வரவில்லை. அதற்குள் மழை வந்துவிட்டது.

பிறகு அவரே போன் செய்தார். டிரம்மைக் கழற்றிவிட்டதாகவும், நாங்கள் கொடுத்த டேப்பும் வலையும் சும்மா கிடப்பதாகவும், வேறு யாருக்காவது உதவுமே என்றும் சொன்னார். நேரில் போனேன். டிரம் கவிழ்ந்து கிடந்தது, அதன் மேல் ஒரு பூந்தொட்டி. மேடை போட்டிருந்த மூலையில் மண் ஒரு சாண் ஆழத்துக்கு அரித்துப்போய், அஸ்திவாரத்தின் விளிம்பு வெளியே தெரிந்தது. உள்ளே பின்னறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தது. பெயின்ட் குமிழ் குமிழாக எழும்பியிருந்த இடத்தில் விரலை வைத்தேன். பூச்சு ஈரமாவு போல விரலோடு வந்துவிட்டது.

எப்படி நடந்தது என்பது பார்த்ததுமே புரிந்தது. அந்தக் குழாய் முன்பு தரைவரை இறங்கி, அங்கிருந்து வளைந்து வடிகாலுக்குப் போயிருக்கிறது. டிரம்மில் விழட்டும் என்று நாங்கள் சொல்லிக்கொடுத்தபடி அதை இடுப்பளவில் அறுத்தார்கள். பல வருடமாகச் சரியாகப் போய்க்கொண்டிருந்த தண்ணீருக்கு இருந்த ஒரே வழி அதோடு போயிற்று. மிச்சமான ஆயிரத்துச் சொச்சம் லிட்டரும் டிரம்மின் விளிம்பில் வழிந்து வீட்டு மூலையிலேயே விழுந்திருக்கிறது, அதுவும் மழைக்கு மழை.

அந்த அம்மா சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: “நான்தான் சரியா வைக்கலை போல தம்பி.”

என்னைத் தூங்கவிடாமல் செய்வது வகுப்பில் சொன்ன பதிலா, இந்த இடத்தில் சொன்ன பதிலா என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. “இல்லம்மா, நீங்க கேட்டீங்க, நான்தான் பதில் சொல்லலை” என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் நான் சொன்னது: “ஒரு ஓவர்ஃப்ளோ பைப் போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காதும்மா.”

தொழில்நுட்பமாகப் பார்த்தால் அதில் பிழை எதுவும் இல்லை. உள்ளே வரும் குழாய் எவ்வளவு பருமனோ அதே பருமனில், டிரம்மின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு குழாய் இருந்திருந்தால், அதை வாட்டம் கொடுத்துச் சுவரிலிருந்து பத்தடி தள்ளிக் கொண்டுபோயிருந்தால், அந்தச் சுவர் காய்ந்தே இருந்திருக்கும். ஆனால் அந்த வாக்கியம் அவர் காதில் எப்படி விழுந்தது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. “எனக்கு அது தெரியலை பாருங்க” என்றார்.

தன் கேள்வியை அவர் மறந்துவிட்டாரா, அல்லது என் முகத்துக்காக விட்டுவிட்டாரா? இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்துவிட்டேன். கழித்துப் பார்த்துக் கேட்கத் தெரிந்தவர் அதை மறந்திருப்பார் என்று நம்புவது கடினமாகத்தான் இருக்கிறது.

அதற்கப்புறம் வகுப்பையே தலைகீழாக மாற்றினேன். இப்போது முதலில் வழியும் தண்ணீர், அப்புறம்தான் டிரம். தோட்டத்தில் ஒரு பள்ளமான இடத்தைத் தேடச் சொல்கிறேன். அங்கே ஓரடி ஆழத்துக்குக் குழி எடுத்து, தண்ணீரை நிரப்பிப் பார்க்க வேண்டும். ஒரு நாளுக்குள் இறங்கிவிட்டால் வழியும் தண்ணீரை அங்கே விடலாம். இறங்காமல் நின்றால் அது களிமண், வேறு இடம் பார்க்க வேண்டும். குழியைச் சுற்றி நன்றாக வேர் ஓடும் செடிகளை வைத்து, காய்ந்த இலை, வைக்கோல் கொண்டு மூடாக்குப் போட்டால், டிரம் பிடிப்பதைவிடப் பல மடங்கு தண்ணீரை அந்த மண்ணே வாங்கி வைத்துக்கொள்ளும். உண்மையில் தோட்டத்துக்கு அதிகம் பயன்படப்போவது அந்த 1,720 லிட்டர்தான். டிரம்மில் இருப்பது இரண்டு, மூன்று நாள் பூவாளிக்குத்தான் காணும். அவர் கேட்ட கேள்விக்குப் பின்னால் முழுத் தோட்டமும் இருந்தது. அதை நான் ஒரு ‘அப்புறம்’ போட்டு மூடிவிட்டேன்.

ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. வகுப்பை மாற்றிய பிறகு டிரம் வைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். “இவ்வளவு வேலை இருக்கா சார்?” என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம். முன்பெல்லாம் டிரம் வைத்த பலருடைய சுவரில் ஓதம் ஏறவும் இல்லை. அவர்கள் வீட்டில் நிலம் இயல்பாகவே வெளிப்பக்கம் சரிந்திருந்தது, செடிகள் நன்றாக இருந்தன. கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர், நீ ஒரு சுவருக்காகப் பத்துத் தோட்டங்களைக் காயப் போடுகிறாய் என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. சில நாள் பழைய முறைக்கே போய்விடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. அப்போதெல்லாம் என் விரலில் ஒட்டி வந்த அந்தப் பூச்சு ஞாபகம் வரும்.

அந்த அம்மாவிடம், மூலையைச் சரிசெய்து தருகிறேன், குழாயைப் பழையபடி வடிகாலுக்கே இணைத்துவிடலாம் என்று சொன்னேன். அதை மட்டும் சம்மதித்தார், ஒரு நாள் இருந்து செய்து கொடுத்தேன். டிரம்மைத் திரும்ப வைக்கலாமா என்று கேட்டதற்கு, “வேண்டாம் தம்பி, செடிக்கு நான் குழாய்த் தண்ணியே விட்டுக்கறேன்” என்றார். அன்றைக்கும் அந்தப் பேச்சை எடுக்க வாய்ப்பு இருந்தது. சிமென்ட் குழைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வகுப்பில் 1,920-க்குக் கீழே 200-ஐ நானே எழுதிக் கோடு போட்டுக் கழிக்கிறேன். “இதை முதல்ல கேட்டது ஒரு அம்மா” என்று சொல்வேன், எல்லோரும் ஆர்வமாகப் பார்ப்பார்கள். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இதுவரை எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.