போர்வெல் தண்ணீரில் ரேடான் பார்த்த கதை

எங்கள் குடியிருப்பு பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம். குளிக்க, துவைக்க எல்லாமே போர்வெல்தான். ஆயிரம் அடிக்கு மேல் பாறையைத் துளைத்து இறைக்கிற தண்ணீர். இந்த ஊர்ப் பாறை கிரானைட்டும், அதைப் போன்ற நைஸ் என்ற பாறையும். அதிலுள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகும். ரேடியத்திலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு பிறந்து தண்ணீரில் கரையும். நிறம், மணம், சுவை எதுவும் கிடையாது. அளந்து பார்த்தால்தான் உண்டு.

வழக்கமாக நாங்கள் தண்ணீர் கொடுக்கிற லேபில் கேட்டேன். டிடிஎஸ், கடினத்தன்மை, ஃபுளோரைடு, கோலிஃபார்ம் எல்லாம் பார்ப்பார்களாம். ரேடான் என்றதும், “அது என்ன சார், புதுக் கிருமியா?” என்றார் கவுண்டரில் இருந்தவர். விசாரித்ததில் ஒரு பல்கலைக்கழக இயற்பியல் துறையில் வழி கிடைத்தது.

ஆய்வு மாணவர் ஒருவர் மாதிரி எடுக்க வந்தார். போர்வெல் மோட்டாரை நன்றாக ஓடவிட்டு, குழாயில் நேராக ஒரு டியூபைச் செருகினார். பக்கெட்டுக்குள் கண்ணாடி பாட்டிலை வைத்து, டியூப் முனை அடியைத் தொடும்படி விட்டு, நிரம்பி வழிந்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். மூடியைத் தண்ணீருக்குள்ளேயே திருகி, பாட்டிலைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பார்த்தார். கடுகளவு குமிழி தெரிந்தது. கொட்டிவிட்டு மறுபடி பிடித்தார். வாயு அந்தக் குமிழிக்குள் போய்விட்டால் கணக்கு குறைந்துவிடுமாம். “எத்தனை மணிக்குப் பிடிச்சோம்னு எழுதிக்கோங்கண்ணா” என்றார். ரேடான் 3.8 நாளில் பாதியாகிவிடும். நேரம் தெரியாமல் திருத்தம் போட முடியாது.

லேபில் அந்தத் தண்ணீருக்குள் காற்றைக் குமிழிகளாக விட்டு வாயுவை வெளியே இழுத்து, அது சிதையும்போது வெளிவிடும் ஆல்ஃபா துகள்களை எண்ணுகிறார்கள். போர்வெல் வாயில் எடுத்தது லிட்டருக்கு 100 பெக்கரலைத் தாண்டியது (ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஓர் அணு சிதைவது). சமையலறைக் குழாயில் எடுத்தது அதில் பாதிகூட இல்லை. சம்ப்பில் கொட்டி, மேல் டேங்க்கில் கிடந்து வருவதற்குள் வாயு பெரும்பாலும் பறந்துவிடுகிறது. ஆகவே யாராவது ரேடான் எண் சொன்னால், எங்கே பிடித்த தண்ணீர் என்று கேளுங்கள்.

சரி, 100 அதிகமா? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013 உத்தரவில் அதுதான் அளவுகோல். அமெரிக்காவில் 1999-இல் முன்மொழிந்தவை இரண்டு: 11, மாற்றாக 148. இரண்டும் சட்டமாகவில்லை. நம்முடைய குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-இல் ஆல்ஃபா, பீட்டா கதிர்வீச்சுக்கு வரம்பு உண்டு, ரேடானுக்கென்று தனி எண் கிடையாது. ஒரே தண்ணீர் ஓரிடத்தில் பாஸ், இன்னொரு இடத்தில் ஃபெயில்!

எதிர்வீட்டு மாமி, “குடிச்சா கேன்சர் வருமாப்பா?” என்று பயந்துபோய்க் கேட்டார். குடிப்பதைவிட மூச்சில் போவதுதான் பெரிய ஆபத்து, அதுவும் நுரையீரலுக்கு. புகைப்பவர்களுக்குப் பன்மடங்கு என்றேன். தண்ணீரால் வீட்டுக் காற்றில் கூடும் ரேடான் செறிவு, தண்ணீரில் உள்ள செறிவில் தோராயமாகப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அப்படிப் பார்த்தால் லிட்டருக்கு 100, அதாவது கன மீட்டருக்கு ஒரு லட்சம் பெக்கரல் உள்ள தண்ணீர், ஒரு கன மீட்டர் காற்றில் 10 பெக்கரல் சேர்க்கும். காற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 100. ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஷவரில் நிற்கும் நேரத்தில் மட்டும் கூடும்.

ஆர்ஓ இதைத் தடுக்காது. வாயு சவ்வைத் தாண்டிவிடும். கார்பன் ஃபில்டர் பிடிக்கும், ஆனால் அந்த ஃபில்டரே கதிர்வீச்சு சேரும் இடமாகிவிடும். எங்களுக்குக் காற்றூட்டுவதே சரிப்பட்டது. எனவே சம்ப்பில் விழும் குழாய்க்கு ஷவர் தலை போட்டு, வென்ட் குழாயை மொட்டை மாடி வரை ஏற்றக் கொட்டேஷன் கேட்டிருக்கிறோம். அப்புறம், குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனை யாரும் நிறுத்தக் கூடாது என்று லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது.