சேலையில் தொங்கும் அட்டை

"எங்க வீட்டுக்காரர் செத்ததைக் கொண்டுபோய் சேலையில தொங்க விடணுமா?" என்று அக்கா கேட்டபோது நான் சொன்ன பதிலில் தப்பு ஒன்றும் இல்லை. "அப்படி இல்லக்கா, நீங்க எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தீங்கன்னு நாலு வரி சொல்றோம், அவ்வளவுதான்" என்றேன். என் வேலையில் இருக்கிற யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். பொருளை யாரும் வாங்குவதில்லை, கதையைத்தான் வாங்குகிறார்கள் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. அதையும் சொல்லிப் பார்த்தேன்.

"அப்ப கதையையே வித்துரலாமே. சாயம் போகுதுன்னு யாரும் திருப்பிக்கொண்டு வர மாட்டாங்க."

பக்கத்தில் முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். ஆனால் அந்த அட்டை விவகாரம் அதோடு முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

விலை அட்டை, பொட்டல லேபிள், இன்ஸ்டாகிராமில் போடுகிற குறிப்பு, இவற்றை எழுதித் தருவது என் பிழைப்பு. வருகிறவர்களில் முக்கால்வாசி பெண்கள். பொடி, ஊறுகாய், சோப்பு என்று வீட்டில் ஆரம்பித்து, கொஞ்சம் ஓடத் தொடங்கியதும் "ஒரு பிராண்டு மாதிரி ஆக்கித் தாங்க" என்று வருவார்கள். அக்கா அப்படி வரவில்லை. அவருடைய மகள்தான் என்னை அழைத்துப்போனாள். அக்கா மதுரையில் கட்டுச் சுங்குடி, அதாவது துணியில் முடிச்சுக் கட்டிச் சாயம் போடும் சேலை, செய்கிறவர். கணவர் போனபின் பாதியில் நின்ற பட்டறையையும் அதன் கடனையும் சேர்த்து எடுத்துக்கொண்டவர்.

கட்டுச் சுங்குடியை அருகில் உட்கார்ந்து பார்க்காதவர்களுக்கு 3,000 ரூபாய் அநியாய விலையாகத் தெரியும். துணியை விரல் நுனியில் மிளகளவு கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்கி, அடுத்த புள்ளிக்குப் போகிறார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் அப்படி. பேசிக்கொண்டே, பிள்ளையை அதட்டிக்கொண்டே, கண் வேறெங்கோ இருக்க, கை மட்டும் போய்க்கொண்டிருக்கும். சாயத்தில் முக்கிக் காயவைத்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துச் சுண்டி இழுத்தால் முடிச்செல்லாம் படபடவென்று தெறிக்கும். வெள்ளைப் புள்ளி, அதன் நடுவில் சாயத்தின் சின்னப் பொட்டு. அந்த இடத்தில் துணி லேசாகப் புடைத்து நிற்கும். ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது. அச்சுச் சுங்குடியில் புள்ளிகள் எல்லாம் தட்டையாக, வரிசை மாறாமல் இருக்கும். கட்டுச் சேலையை இஸ்திரி போடாமல் விற்பதே அந்தப் புடைப்பைக் காட்டத்தான். ஆனால் வாங்க வருகிற பாதிப் பேர் சுருக்கத்தைப் பார்த்து, "என்னம்மா, பழைய சேலையா?" என்று கேட்கிறார்கள்.

அக்காவுக்கு அட்டையில் இதுதான் வேண்டும். சுருக்கம் ஏன் என்று எழுது. தடவிப் பார்த்தால் புள்ளி கையில் தட்டுப்படும் என்று எழுது. முதல் தடவை உப்புத் தண்ணீரில் தனியாக அலசணும் என்று எழுது. நான், "அதெல்லாம் அட்டைக்குப் பின்பக்கம்க்கா" என்றேன். முன்பக்கம் யார் என்பதில்தான் சண்டை.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மதுரைச் சுங்குடிக்கு 2005-இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதற்காக வாங்குகிறவர் யாரும் சான்றிதழைக் கேட்டு வாங்குவதில்லை. சுங்குடி என்ற பெயரிலேயே 600 ரூபாய்க்கு அச்சுச் சேலை மாசி வீதிகளில் தாராளமாகக் கிடைக்கிறது. அதன் பக்கத்தில் 3,000 ரூபாய்ச் சேலையை வைத்தால் வாய் திறந்து ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும். புடைப்பைப் பற்றிச் சொன்னால் புரிந்தவர்கள் வாங்குவார்கள். அவர்கள் எத்தனை பேர்? ஒரு மனுஷியைப் பற்றிச் சொன்னால் எல்லோருக்கும் புரியும். நான் இல்லாததை எழுதவில்லை. கடன் உண்மை. மகளின் படிப்பு உண்மை. அவர் சாயத் தொட்டியில் இறங்கியதும் உண்மை.

இந்த உண்மை விஷயத்தில் நான் கறார். பருப்புப் பொடி போடும் ஒருவர் "பாரம்பரியச் செய்முறை" என்று லேபிளில் போடச் சொன்னார். எங்கே கற்றீர்கள் என்றால் யூடியூப்பில். 2018-இல் வந்த உணவு விளம்பர விதிகளின்படி அந்தச் சொல்லைப் போட வேண்டுமானால் செய்முறை தலைமுறை தாண்டி, பெரிய மாற்றமில்லாமல் வந்திருக்க வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டேன். பொடிக்கு அந்தக் காவலாவது இருக்கிறது. ஒரு பெண்ணின் துக்கத்தை எந்த அளவு எழுத்தில், அட்டையின் எந்தப் பக்கம் போடலாம் என்பதற்கு விதி எதுவும் இல்லை. எழுதுகிறவருடைய யோக்கியதையைப் பொறுத்தது.

அக்கா அன்றைக்குக் கேட்ட இன்னொரு கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. "இந்த ஊர்ல இத்தனை ஜவுளிக்கடை இருக்கே. எந்த முதலாளியாவது பொண்டாட்டி செத்ததைப் போட்டு வேட்டி விக்கிறாரா?"

விற்பதில்லை. ஆண்கள் நடத்தும் மசாலாக் கம்பெனியின் விளம்பரத்தில் குழம்பு கொதிக்கும், குடும்பம் உட்கார்ந்து சாப்பிடும். முதலாளி எந்தக் கந்துவட்டிக்காரரிடம் மாட்டினார் என்று யாரும் கேட்பதில்லை. பெண் விற்றால் மட்டும் ருசிக்கு முன்னால் கண்ணீர் வந்துவிடுகிறது. பெண் தொழில்முனைவோருக்கான பயிற்சி வகுப்புகளில் நானும் பேசப் போயிருக்கிறேன். "உங்கள் வாழ்க்கையின் திருப்புமுனை என்ன?" என்றுதான் ஆரம்பிப்போம். திருப்புமுனை இல்லாதவர்கள் கூச்சத்தோடு குனிந்துகொள்வார்கள்.

அந்த வகுப்புகளில் நாங்கள் தவறாமல் சொல்லும் உதாரணம் சின்னப்பிள்ளை. அழகர்கோவில் பக்கம் புல்லுச்சேரிக்காரர், களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழு இயக்கத்தின் முகம். 2001-இல் டெல்லியில் விருது கொடுக்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ. இதைச் சொன்னால் அரங்கம் கைதட்டும். அவர் கொத்துத் தலைவியாக இருந்து, கூட்டமாக வேலைக்குப் போகும் பெண்களுக்காக நிலக்காரர்களிடம் நின்று கூலி பேசியவர் என்பதை நான் வகுப்பில் ஒரே வரியில் தாண்டிவிடுவேன். தொழில் கற்க வந்தவர்களுக்கு உபயோகமானது கூலி பேசியதுதான். கைதட்டல் கிடைப்பது மற்றதற்கு.

லிஜ்ஜத்தையும் சொல்லலாம். 1959-இல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி ஆரம்பித்த அப்பளம். அவர்களுடைய தொலைக்காட்சி விளம்பரத்தில் வந்தது ஒரு முயல் பொம்மை. அந்த ஏழு பேரில் யாருக்கு என்ன கஷ்டம் என்று அப்பளம் வாங்கியவர்களுக்குத் தெரியாது, தெரியாமலே பொரித்துச் சாப்பிட்டார்கள். ஆனால் இதையும் முழு ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஏழு பெண்கள், 80 ரூபாய் என்று இன்றைக்கு நானே சொல்கிறேனே, அது கதை இல்லாமல் என்ன?

சரி, அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். இரண்டு அட்டை எழுதிக்கொடுத்தேன். ஒன்று புள்ளியைப் பற்றி, இன்னொன்று அக்காவைப் பற்றி. அவர் முதலாவதை எடுத்துக்கொண்டு, "இதுக்கு மட்டும் காசு வாங்கிக்க" என்றார். துக்கத்தைப் பேச அவருக்குச் சங்கடம், போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சங்கடமெல்லாம் இல்லை என்பது தமுக்கம் மைதானத்தில் ஒரு கண்காட்சியில் தெரிந்தது. ஸ்டாலில் பின்பக்கம் உட்கார்ந்து நான் சில்லறை பிரித்துக்கொண்டிருந்தேன். வெளிர் சாம்பல் சேலையில் ஒரு அம்மா வந்து அரக்குச் சுங்குடி ஒன்றைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தக் கலரெல்லாம் நான் கட்ட முடியாது" என்றார். அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரவைத்தார். நான் எத்தனை முறை கேட்டும் இரண்டு வரிக்கு மேல் பேசாதவர், அந்த முன்பின் தெரியாத அம்மாவிடம் அரை மணி நேரம் பேசினார்.

கணவர் போனபின் அக்கா தானாகப் போட்ட முதல் சாயம் கெட்டுப்போயிருக்கிறது. அரக்கு திட்டுத்திட்டாக ஏறிவிட்டது. ஒரு சேலையைக்கூட விற்க முடியவில்லை. புதுத் துணி எடுக்கக் காசும் இல்லை. அதனால் அந்த அரக்குச் சேலைகளையே மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறார். சொந்தக்காரர்கள் வாசலில் நின்று பேசியிருக்கிறார்கள். "கெட்டுப்போன சேலைதானே, இதைக் கட்டாம என்ன செய்யச் சொல்றீங்கன்னு கேட்டேன். யாருக்கும் பதில் சொல்லத் தெரியல. அப்படியே பழகிப்போச்சு அவங்களுக்கும்" என்றார்.

அந்த அம்மா சேலை வாங்கவில்லை. அக்காவும் எடுத்துக் கொடுக்கவில்லை. வந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கை பரபரத்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்று என் கையில் சிக்கியதே இல்லை. அன்றிரவே நோட்டில் எழுதி வைத்தேன். விற்பனைக்காக என்று இல்லை, மறந்துவிடக்கூடாதே என்று. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கப்புறம் என் பேச்சு மாறிவிட்டது. வருகிறவர்களிடம், "உங்க பொருளைப் பத்திச் சொல்லுங்க, உங்களைப் பத்தி அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லத் தொடங்கினேன். அக்காவின் கேள்வியை வகுப்பில் என் கேள்வி மாதிரியே கேட்கவும் செய்தேன். நல்ல வரவேற்பு.

கொஞ்ச காலம் கழித்து அக்காவே போன் செய்தார். "அந்த ரெண்டாவது அட்டை வச்சிருக்கியா?"

நான்தான் தடுத்தேன். வேண்டாம்க்கா, நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் சரி, சேலை பேசட்டும் என்றேன். அவருக்குப் பொறுமை இல்லை.

"சேலை பேசுனது போதும். கட்டுறவங்க கூலி கூடக் கேக்குறாங்க, நியாயமாத்தான் கேக்குறாங்க. விலையைக் கூட்டணும்னா சும்மா கூட்ட முடியாது. வெளியூர்க் கடைக்காரங்க அந்தப் பொம்பளைங்க போட்டோ கேக்குறாங்க, அவங்க வீட்டுக் கதையைக் கேக்குறாங்க. நான் முடிச்சுக்குத்தான் கூலி குடுக்கிறேன். கதைக்குக் குடுக்கல. அதனால என்னோடதப் போட்டுரு."

இதை நான் பல விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். ஒரு நாள், அந்தப் பெண்களுக்குக் குடையாக நிற்கிறார் என்று தோன்றும். இன்னொரு நாள், அவர் போட்ட கணக்கு அது, அவ்வளவுதான் என்று தோன்றும்: கடைக்காரர்களுக்கு ஏதோ ஒரு கதை வேண்டும், கையில் இருப்பதில் இதற்குச் செலவில்லை. ஒருவேளை அவருக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். "நீதானே அன்னைக்கு அவ்வளவு பேசின?" என்று போனை வைப்பதற்கு முன் கேட்டார். குத்தலா, நிஜமாகவே கேட்டாரா, குரலில் பிடிபடவில்லை.

பழைய நாலு வரியை எடுத்து அனுப்பினேன். அரக்குச் சேலை விஷயத்தை அதில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அட்டை வேறு தரத்துக்குப் போயிருக்கும், அது எனக்கு நன்றாகவே தெரியும். அன்றைக்கு ஸ்டாலில் நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. சேர்க்கலாமா என்று கேட்டிருக்கலாம். ஒருவேளை சரி என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் கேட்கவில்லை. அந்தத் தயக்கம் அவருக்காகவா, எனக்குப் பிடித்த ஒன்றைக் கடைத்தெருவுக்கு அனுப்ப மனசில்லாமலா? இப்போது இங்கே எழுதுவது மட்டும் என்னவாம் என்று நீங்கள் கேட்கலாம். இதில் ஊர் தவிர வேறு அடையாளம் இல்லை, விற்கவும் எதுவும் இல்லை. இது என் சமாதானம். அக்காவிடம் இதையும் கேட்கவில்லை.

அனுப்பிய நாலு வரியில் அக்கா ஒரு வார்த்தையை அடித்திருந்தார், "போராட்டம்". அந்த இடத்தில் "பட்டறை வேலை" என்று எழுதியிருந்தார். பின்பக்கம் உப்புத் தண்ணீர்க் குறிப்பைப் பெரிய எழுத்தாக்கச் சொன்னார்.

விற்பனை கூடியது. கூலியும் கூடியது. அட்டை வந்த கையோடு தீபாவளியும் வந்ததால் இதில் எவ்வளவு எதனால் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அட்டையில் உள்ள எண்ணுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இஸ்திரி போடலாமா என்றுதான் கேட்கின்றன, அதற்கெல்லாம் அக்கா விலாவாரியாகப் பதில் சொல்கிறார். எப்போதாவது கதையைப் படித்துவிட்டுத் தழுதழுத்த குரலில் ஒருவர் பேசுவார். அவர்களிடம் மட்டும், "எழுதுனவங்க நம்பர் தரேன், அவங்ககிட்ட பேசுங்க" என்று என் எண்ணைக் கொடுத்துவிடுகிறார். அவர்கள் என்னிடம் அழுகிறார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல், எந்தக் கலர் வாங்கினீர்கள் என்று கேட்கிறேன்.