வண்டியை உள்ளே விடுவாங்களா?

எங்கள் சந்து கீழமாசி வீதியிலிருந்து பிரிகிறது. முனையில் பூட்டிக் கிடக்கும் எண்ணெய்க் கடையின் ஷட்டருக்கு முன்னால் ஒரு பெரியவர் மூன்று வருடமாகப் படுக்கிறார். போன வாரம் மழையில் கரண்ட் போய், எல்லாரும் திண்ணைக்கு வந்தபோது பேச்சு அவரைப் பற்றித் திரும்பியது.

எதிர்வீட்டு மதினிக்குக் கோபம். "விடிஞ்சா மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் கோலம் போட வேண்டியிருக்கு. இவய்ங்களை ஏதாச்சும் ஹோம்ல கொண்டுபோய் விடக்கூடாதா?"

மாடிவீட்டு சார் ரிட்டயர்டு ஹெட்கிளார்க். எதையும் வருஷத்தோடுதான் சொல்வார். பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் வீடற்றவர்களுக்குத் தங்குமிடம் இருக்க வேண்டும், அதுவும் இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். 2011 கணக்கெடுப்பில் மதுரை மாநகராட்சியின் மக்கள்தொகை 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

"அப்ப பத்து இடமாச்சும் இருக்கணுமே சார்?"

"இருக்கணும்" என்றார். அந்த 'ணும்'மில் முப்பது வருஷ ஆபீஸ் அனுபவம் தெரிந்தது.

சரி, பக்கத்தில் எது, எப்படிப் போவது? திண்ணையில் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேரும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஒருத்தருக்கும் வழி சொல்லத் தெரியவில்லை. மங்கம்மாள் சத்திரம் எங்கே என்று கேட்டால் ரயிலடிக்கு எதிரே என்று சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும்.

பெரியவர் ஒன்றும் கையேந்துகிறவர் இல்லை. பலசரக்கு மண்டிகளுக்கு ட்ரைசைக்கிளில் மூட்டை அடிப்பவர். எங்கள் வீட்டு அரிசிச் சிப்பம்கூட அவர் வண்டியில் வந்திருக்கிறது. இருந்தும் நான் அவர் பெயரைக் கேட்டதில்லை.

மறுநாள் விடியுமுன் டீயோடு போனேன். மதினியும் வாளியோடு பின்னாலேயே வந்தார். சக்கரத்தில் சங்கிலி, பூட்டு. சாவி அவர் அரைஞாண் கயிற்றில். அதுவும் போதாதென்று, ஹேண்டில்பாரில் கட்டிய சணல் கயிற்றின் மறுமுனையைக் கால் கட்டைவிரலில் முடிந்திருந்தார். யாராவது வண்டியை நகர்த்தினால் முழிப்பு வந்துவிடுமாம். வாடகை வண்டி, தொலைந்தால் அவர்தான் பொறுப்பு.

"விடுதியெல்லாம் இருக்காம்ண்ணே. விசாரிச்சுச் சொல்லவா?"

"நல்லதுதான் தாயி. வண்டியை உள்ளே விடுவாங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மதினிக்குத் தன் கவலை. "அதெல்லாம் இருக்கட்டும். சுவத்தோரமா ஒதுங்காம கட்டணக் கழிப்பறைக்குப் போகலாம்ல?"

"ராத்திரி பத்து மணிக்குப் பூட்டிருவாங்க தாயி. திறக்க ஆறு மணியாகும். எனக்குச் சுகர் வேற."

மதினி ஒரு நிமிஷம் நின்றார். "பால் அடுப்புல இருக்கு" என்று வாளியை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போனார்.