மாலத்தீவுல அஞ்சு நாள்

கல்யாணமாகி பத்து வருஷம் கழிச்சு இப்பதான் நாங்க ரெண்டு பேரு மட்டும் கிளம்பினோம், மாலத்தீவுல பா அட்டோல்ங்கிற பவளத்தீவுக் கூட்டத்துல ஒரு ரிசார்ட். தலைநகர் மாலேல இருந்து தண்ணிலயே ஏறி இறங்குற சீப்ளேன், பைலட் வெறுங்காலோட ஓட்டுறாரு!! பகல்ல மட்டும்தான் பறக்கும், அதனால சாயங்காலம் இறங்குற ஃப்ளைட்ட புக் பண்ணிடாதீங்க, மாலேல ஒரு ராத்திரி தங்க வேண்டி வரும்.

தண்ணிக்கு மேலயே கட்டின வாட்டர் வில்லா, பெரிய பாத்டப் எல்லாம் அழகுதான், ஆனா மனசுல நிக்கிறது ஹனிஃபாரு விரிகுடா. 2011ல யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமா அறிவிச்ச பகுதி, ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் பருவக்காத்து நேரத்துல பிளாங்டன்ங்கிற மிதக்குற குட்டி உயிரினங்க இங்க வந்து குவியும், அத சாப்பிட மான்டா ரே கூட்டம் கூட்டமா வரும், நம்ம திருக்கை இனம்தான், ஆனா மூணு மீட்டர் அகலம். டைவிங் கிடையாது, மாஸ்க்கும் குழாயும் மாட்டி மேல மிதந்துகிட்டே பாக்குற ஸ்நார்க்கல் மட்டும்தான், தொடவும் கூடாது. அந்தக் கட்டுப்பாடு ரொம்ப சரின்னு தோணுச்சு. இவருக்கு நீச்சல் அவ்வளவா வராது, லைஃப் ஜாக்கெட்டோட என் கைய இறுக்கிப் பிடிச்சிட்டே மிதந்தாரு, ஒரு மான்டா எங்களுக்குக் கீழ வாயத் திறந்துகிட்டு அப்படியே குட்டிக்கரணம் போட்டுச்சு, எனக்கு மாஸ்க்குக்குள்ளயே அழுகை வந்துருச்சு.

காலைல மாஸ் ஹுனி, சூரை மீன், தேங்காய்த்துருவல், வெங்காயம், மிளகா, எலுமிச்சை போட்டுப் பிசைஞ்சு ரொட்டியோட. நம்ம மாசிக்கருவாடு வர்ற ஊராச்சே, ருசி அப்படியே பாட்டி வீடு.

செலவு அதிகம்தான், சுற்றுலாப் பயணிங்ககிட்ட வாங்குற கிரீன் டாக்ஸே ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். ஆனா கடைசி ராத்திரி படிக்கட்டுல உக்காந்து தண்ணிக்குள்ள கால விட்டுட்டு இவரு பத்து வருஷக் கதைய பேசிட்டே இருந்தாரு, நான் கேட்டுட்டே இருந்தேன்.