வீடு வேறு, மாத்திரை வேறு

"மாத்திர போடலன்னா என்னைய இங்கருந்து அனுப்பிருவீங்களா மேடம்?" என்று, நடைபாதையிலிருந்து வந்து, மனநோயோடு வாழ்பவர்களுக்காக எங்கள் நிறுவனம் நடத்தும் வீட்டில் தங்கியிருந்த ஓர் அம்மா கேட்டதும், "இல்லம்மா, வீடு வேற, மாத்திர வேற" என்று உடனே சொல்லிவிட்டேன். அந்தப் பதில் தவறென்று நான் இன்றும் நினைக்கவில்லை. ஆனால் ஒரு நொடிகூடத் தயங்காமல் அதைச் சொல்லும் உரிமை எனக்கு இருந்ததா என்ற கேள்வி மட்டும் விடாமல் வந்துகொண்டே இருக்கிறது.

பதில் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கிய திட்டத்தைப் பற்றி எங்களுக்குப் பயிற்சியில் விரிவாகச் சொல்லியிருந்தார்கள். அதுவரை, தெருவில் வாழ்ந்த மனநோயாளி ஒருவர் முதலில் குடியை விட்டு, மருந்தை ஒழுங்காக எடுத்து, வீட்டுக்குத் தகுதியானவர் என்று நிரூபித்தாக வேண்டும். அதன் பிறகுதான் வீடு. செம்பெரிஸ் அந்த வரிசையைத் தலைகீழாக்கினார்: வீடு முதலில், சிகிச்சை நோயாளி விரும்பும்போது, சிகிச்சையை மறுப்பதால் வீடு போகாது. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், குடும்பமோ வீடோ இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்று 19-ஆம் பிரிவில் சொல்கிறது. ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த நிலையிலேயே 28 பேர் எரிந்து இறந்ததை அறிந்த எவருக்கும், இந்தத் துறையில் கட்டாயம் என்ற சொல்லே கசக்கும். எனக்கும் கசந்தது.

அந்த அம்மாவுக்கும் மாத்திரையை மறுப்பதற்குத் தெளிவான காரணம் இருந்தது. பக்கத்துக் கடையிலிருந்து உதிரிப்பூ வாங்கிவந்து கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மாத்திரை தொடங்கிய பிறகு கை நடுங்கியது, கட்டு நெருக்கமாக விழவில்லை, கடைக்காரர் முகம் சுளித்தார். நடுக்கத்துக்கு என்று தனி மாத்திரை கொடுத்தும் அது முழுதாக நிற்கவில்லை. அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம் என்றார் மருத்துவர். அந்த அம்மாவோ எதுவும் வேண்டாம் என்றார். மாத்திரையை விட்டதும் கை நடுக்கம் நின்றது, பூ மறுபடி முழம் முழமாகக் கடைக்குப் போனது. அந்தச் சில வாரங்கள் நான் சொன்னதற்குச் சான்று போல இருந்தன என்பதை இங்கே எழுதாமல் விட முடியாது.

பிறகு இரவுகளில் குரல்கள் திரும்பி வந்தன. அவர் அவற்றோடு உரத்துச் சண்டையிட்டார், விளக்கைப் போட்டுவிட்டு விடியும் வரை நடந்தார். அதே அறையில் இன்னொருவர் படுத்திருந்தார்: பல ஆண்டுகள் மருத்துவமனையில் இருந்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர், அதிகம் பேசாதவர், மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடாதவர். ஒரு நாள் அவர் என்னைச் சமையலறைக்கு அழைத்துப்போய், "நான் சொன்னபடி போடுறேன், ஆனா தூக்கம் எனக்குத்தான் இல்ல. அவங்களுக்கு இருக்கிற சட்டம் எனக்கு இல்லையா மேடம்?" என்று கேட்டார்.

இதற்கு என்னிடம் தயாரான பதில் இல்லை. அந்த அம்மாவை ஆதரவுடன் கூடிய சேர்க்கையின் கீழ், அதாவது அவருடைய பிரதிநிதியின் கோரிக்கையின் பேரில், மருத்துவமனைக்கு அனுப்பலாமா என்று மருத்துவரோடு பேசினோம். தன் உடலுக்கோ பிறர் உடலுக்கோ தீங்கு செய்யும் நிலை, அல்லது தன்னையே பார்த்துக்கொள்ள முடியாத நிலை இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 89-ஆம் பிரிவு. இரவில் சத்தம் போடுவது அதற்குள் வராது என்றார் மருத்துவர். நானும் அதையே சொன்னேன், இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். மாத்திரை போட்டால்தான் வீடு என்று அன்று சொல்லியிருந்தால், பயந்து விழுங்கியிருப்பார், அல்லது பையை எடுத்துக்கொண்டு பாரிமுனைப் பக்கம் போயிருப்பார். நடைபாதையில் அத்தனை காலம் வாழ்ந்தவருக்கு வெளியேறத் தெரியாதா என்ன?

ஆனாலும், நியூயார்க்கில் அந்தக் கொள்கை வளர்ந்தது தனித்தனி அடுக்ககங்களில், குடியிருப்பவரே கையெழுத்திட்ட வாடகை அல்லது உள்வாடகை ஒப்பந்தங்களோடு. அங்கே ஒருவர் மருந்தை மறுத்தால் அடுத்த கட்டிலில் யாரும் விழித்துக் கிடப்பதில்லை. எங்கள் வீட்டில் நான்கு பேர், இரண்டு அறைகள், ஒப்பந்தம் நிறுவனத்தின் பெயரில். வீட்டுக்காரர் வேண்டாம் என்றால் நால்வருக்கும் வீடு இல்லை. அப்படியானால், வீடு வேறு, மாத்திரை வேறு என்று யாருடைய வீட்டை வைத்து நான் வாக்குக் கொடுத்தேன்? கனடாவின் ஐந்து நகரங்களில், 2009 தொடங்கி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த பெரிய ஆய்வைக் கூட்டங்களில் நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவேன். முதலில் வீடு பெற்றவர்கள் வீட்டில் நிலைப்பது மற்றவர்களைவிடத் தெளிவாகவே அதிகம். நோயின் அறிகுறிகளில் அப்படியொரு வேறுபாடு தெரியவில்லை. நான் எடுத்துக்காட்டியதெல்லாம் முதல் பாதியைத்தான். இரண்டாம் பாதியைச் சொன்னால் நிதி தருபவர்கள் குழம்பிவிடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது முற்றிலும் பொய்யான சமாதானமும் அல்ல.

கடைசியில் இடம் மாறியவர் சமையலறையில் என்னிடம் பேசியவர்தான். வேறொரு பகுதியில் எங்கள் வீட்டில் ஓர் இடம் காலியானதும் அவராகவே போகிறேன் என்றார், நானும் வேகமாக ஏற்பாடு செய்தேன். இந்தத் தெருவில் அவருக்குக் கடன் கொடுக்கும் மளிகைக் கடை ஒன்றும், பெயர் சொல்லிக் கூப்பிடும் எதிர்வீட்டுப் பாட்டியும் இருந்தார்கள். அங்கே இனிமேல்தான் பழக வேண்டும். அந்த அம்மா இன்னும் அதே அறையில் இருக்கிறார், சில நாட்கள் பாதி மாத்திரை போடுகிறார், பல நாட்கள் போடுவதில்லை, பூ கட்டுகிறார்.

ஆண்டறிக்கையில் இருவருமே வீட்டில் நிலைத்தவர்கள் கணக்கில் வருகிறார்கள், ஏனென்றால் எங்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போவது வெளியேற்றம் ஆகாது. இடமாற்றப் படிவத்தில் காரணம் கேட்கும் கட்டத்தில் 'சொந்த விருப்பம்' என்று எழுதினேன். அவர் அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.